ஒரு முஷ்டி உயரம்

ஆல்டா கடைப்பையன் கேட்டது ஒரே கேள்வி:
வீட்டுச் சுவருக்கா, வெளியே கொண்டுபோகவா?
இரண்டுக்கும், என்றார் இங்வால்ட்.
இரண்டுக்குமான தட்டு கிடையாதே, என்றான்.
அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.
ஒரே ஆளை வைத்துக்கொண்டு
வீட்டிலும் வெளியிலும் சமாளிப்பது
அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

நான் அளந்துகொண்டுதான் வந்திருந்தேன்.
கேரவன் கட்டிலுக்கடியில் அறுபத்துநாலு சென்டிமீட்டர்.
அறுபது தட்டு போதும், என்றேன்.
ஆஸ்லோவில் போதும்,
இது எழுபதாவது அட்சரேகை,
சிக்னல் தள்ளாடித்தான் வந்து சேரும்,
ஏந்துகிற கை அகலமாக வேண்டும், என்றான்.
தொண்ணூறு வாங்கினோம்.
கட்டிலுக்கடியில் நுழையாமல்
கட்டில்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
அந்தக் கோடை முழுக்க நாங்கள் மூன்று பேர்.

குளிர்காலத்தில் அதற்குச் சுவர் உத்தியோகம்.
மூக்கு நுனியில் ஈரப்பனி அப்பிக்கொண்டால்
செய்தி வாசிப்பவள் சதுரம் சதுரமாக உடைவாள்.
சன்னலைத் திறந்து
துடைப்பத்தால் தட்டைத் தட்டுவேன்.
வெந்நீர் ஊற்றாதே, ஸ்னெஃப்ரிட், என்பார் இவர்.
ஒருமுறை ஊற்றினேன்.
பனியாக இருந்தது கண்ணாடியானது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கோடையில் முக்காலிமேல்,
போர்சாங்கர் ஃபியோர்டின் கரையில்.
காற்றுக்கு ஒதுங்கி பிர்ச் மரங்களடியில் நிறுத்துவதா,
படத்துக்காக வெட்டவெளியிலா?
வண்டி நிற்கும் முன்பே சண்டை வந்துவிடும்.
இலைகளினூடே வெளிச்சம் வரும்.
படம் வராது.

குறி பார்க்கக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.
பிற்பகல் இரண்டுக்குச் சூரியன் நிற்கும் திசை.
கையை நீட்டி முஷ்டியை மடக்கு.
அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரம்.
எங்களுக்குக் கிடைத்த வானம் அவ்வளவுதான்.
மற்ற ஊர்களில் தட்டுகள் அண்ணாந்திருக்குமாம்.
எங்களுடையது குனிந்து தரையைப் பார்க்கும்,
மோதிரத்தைத் தொலைத்தவள் மாதிரி.
சாய்ந்துவிட்டது போலும் என்று
வழிப்போக்கர் எவராவது நிமிர்த்திவிட்டுப் போவார்.
உதவி செய்தவரை எப்படித் திட்டுவது?

பக்கத்து இடத்துக்கு
ஓல்டன்பர்க்கிலிருந்து டெட்லெஃப் வந்தார்.
கூரைமேல் தானியங்கித் தட்டு.
பொத்தானை அழுத்தினால் எழுந்து
ஒரு சுற்றுச் சுற்றி, தானே கண்டுபிடித்து நின்றது.
இங்வால்ட் பேசாமல் காபி குடித்தார்.
காற்று பலத்ததும் தானே மடங்கிப் படுத்தது.
இங்வால்ட் இன்னொரு காபி கேட்டார்.
எங்கள் முக்காலிக் கால்களில்
உருளைக்கிழங்கு மூட்டையும் தண்ணீர்க் கேனும்.

இறுதி ஆட்டத்தன்று இரவு
(இரவு என்பது வழக்கத்துக்காக,
வெயில் அடித்துக்கொண்டிருந்தது)
டெட்லெஃபும் எங்கள் வண்டியில்.
கூடுதல் நேரமும் தீர்ந்து பெனால்டி.
ஐந்தாவது ஆள் பந்தை வைத்து
மூன்றடி பின்னால் நடந்தான்.
நீலத்திரை.
சிக்னல் இல்லை.

காற்றில்லை, மேகமில்லை,
கேபிள் முனை உலர்ந்தே இருந்தது.
இங்வால்ட் வெளியே ஓடினார்.
வரலை, இன்னும் வரலை என்று
உள்ளிருந்து கத்த நான் ஆயத்தமானேன்.
வெளியே அசைவே இல்லை.
எட்டிப் பார்த்தேன்.

தட்டை உரசியபடி ஒரு கலைமான்,
காதில் மிக்கால் வீட்டு வெட்டுக்குறி,
மடியில் குட்டி.
நாற்பதாயிரம் கிலோமீட்டர் வந்ததை
கடைசி முழத்தில்
வயிற்றால் மறித்துக்கொண்டு
மேய்ந்தபடி நின்றது.

விரட்டுங்கள், என்றார் டெட்லெஃப்.
குடிக்கிறது, என்றார் இவர்.
கடைசி வண்டியில் யாரோ அலறினார்கள்.
சந்தோஷமா துக்கமா,
அந்தத் தூரத்தில் இரண்டும் ஒரே சத்தம்.

மறுநாள் முக்காலியை மேட்டுக்குத் தூக்கினார்.
மான் அதே இடத்தில்தான் நின்றது.
கையை நீட்டி முஷ்டியை மடக்கினார்,
இந்தமுறை அதன் முதுகிலிருந்து.